சீட்டைக் கேட்போம், கணக்கைப் போடுவோம்!

(இராமநாதபுரத்தில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வகுப்பில் நிகழ்த்திய உரை)



"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்று ஒரு பழமொழி உண்டு. இதைப் பண்ணையாரும் சொல்வார், ஆலை முதலாளியும் சொல்வார். "மிஞ்சாது, ஆகவே கணக்குப் பார்க்காதே" என்பது அவர்கள் காணும் பொருள். உழக்குக்கூட மிஞ்சவில்லை என்றால் விளைந்தது எங்கே போயிற்று என்று கேட்பதற்காகவே கணக்குப் பார்க்க வேண்டும் என்பது நாம் காணும் பொருள். அந்தக் கணக்கில் ஒரு பகுதியை இன்று பார்ப்போம். நமக்குப் பேசிய சம்பளம் எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு, நடுவில் யார் யார் பிடிக்கிறார்கள், அவர்களில் பிடிப்பதற்கு உரிமை உள்ளவர் யார் என்பதுதான் விஷயம்.

"வருமான வரி பணக்காரர் விவகாரம், நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். 2025 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட் வந்தபோது, "12 லட்சம் வரை வரி இல்லை" என்று எல்லாப் பத்திரிகைகளும் கொட்டை எழுத்தில் போட்டன. டீக்கடையில் அதைப் படித்த நம் ஆள் ஒருவர் தன் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். அதில் "வரி" என்று ஒரு பிடித்தம் இருந்தது. 12 லட்சம் வரை வரி இல்லை என்றால், மாதம் 14,500 ரூபாய் வாங்குகிறவரிடம் என்ன வரி? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, முதலில் வரி எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும்.

வரி எங்கே தொடங்குகிறது?

இந்த நாட்டில் வருமான வரி 1860-ல் வந்தது. 1857 எழுச்சியை அடக்குவதற்கு வெள்ளைக்கார சர்க்கார் செய்த செலவை ஈடுகட்ட ஜேம்ஸ் வில்சன் என்ற நிதி அதிகாரி கொண்டுவந்தார். சென்னை மாகாண கவர்னராக இருந்த சார்லஸ் டிரெவெலியன் அதைப் பகிரங்கமாக எதிர்த்தார். அதற்காக அவரைப் பதவியிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அந்த முதல் சட்டத்திலேகூட ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருமானத்துக்கு வரி கிடையாது. கூலிக்காரனிடம் சர்க்கார் வரி வாங்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். உப்பில் வாங்கியது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

இன்றைய ஏற்பாடு என்ன? 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் போட்ட கணக்கு இது. ஆண்டு வருமானத்தில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை உள்ள பகுதிக்கு நூற்றுக்கு 5. 8 முதல் 12 வரை 10. 12 முதல் 16 வரை 15. 16 முதல் 20 வரை 20. 20 முதல் 24 வரை 25. அதற்கு மேலே 30. சம்பளக்காரருக்கு இதற்கு முன்பே 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. கழிவு போக நிற்கும் வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கட்டுப்படி வருகிற வரி முழுவதும் தள்ளுபடி. ஆகவே ஆண்டுக்கு 12,75,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர், வேறு வருமானம் இல்லையென்றால், வரி கட்ட வேண்டியதில்லை. பழைய முறை என்று இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுக் கடன், இன்சூரன்ஸ் என்று கழிவு கேட்கிறவர்களுக்கு அது. நம் கணக்குக்கு அது தேவைப்படாது.

வரி கட்டுகிறவர் கணக்கு எப்படி இருக்கும் என்று ஒரு உதாரணம் பார்ப்போம். பெரிய உத்தியோகத்தில் மாதம் 1,20,000 ரூபாய் வாங்குகிறார் ஒருவர். ஆண்டுக்கு 14,40,000. நிலையான கழிவு 75,000 போனால் 13,65,000. முதல் 4 லட்சத்துக்கு ஒன்றுமில்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 40,000. மிச்சமுள்ள 1,65,000-க்கு நூற்றுக்கு 15 வீதம் 24,750. ஆகக் கூடி 84,750. இதன்மேல் நூற்றுக்கு 4 வீதம் செஸ் 3,390. மொத்தம் 88,140. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,345 ரூபாய். வருஷத் தொடக்கத்திலேயே முழு ஆண்டுச் சம்பளத்தையும் மதிப்பிட்டு, இப்படி மாதாமாதம் பிடித்துக் கட்டுவது சம்பளம் கொடுப்பவரின் கடமை. நடுவில் பஞ்சப்படி நிலுவை வந்தால் மதிப்பை மாற்றி, மீதி மாதங்களில் சரிசெய்வார்கள்.

இனி நம் பக்கம் வருவோம். மாதம் 18,000 வாங்கும் ஆலைத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 2,16,000. வரியில்லாத முதல் படியே 4 லட்சம். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் அவர் நிற்கிறார். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்திருந்தாலும் 33,600 ரூபாய்தான். ஆகவே இதை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: நம் கூலியில் வருமான வரி என்று ஒரு காசு பிடிக்கவும் இடமில்லை. பிடித்தால் அது கேள்விக்குரிய காசு.

ஆலைச் சீட்டில் என்ன இருக்கும்?

அப்படியானால் 18,000 முழுவதும் கைக்கு வருமா? வராது. நியாயமான பிடித்தங்கள் சில உண்டு. அவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எப். 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் நூற்றுக்கு 12 நம்மிடம் பிடிப்பார்கள். அதே அளவு முதலாளியும் போட வேண்டும். அடிப்படையும் பஞ்சப்படியும் 15,000, மற்ற படிகள் 3,000 என்று வைத்துக்கொள்வோம். நம் பங்கு 1,800. முதலாளி பங்கு 1,800. முதலாளி பங்கில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்கும் 550 நம் பி.எப். கணக்குக்கும் போகும்.

இரண்டாவது ஈ.எஸ்.ஐ. மாதம் 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இது. 2019 ஜூலை முதல் நம் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூணேகால் ரூபாய். 18,000-க்கு நாம் 135, முதலாளி 585.

ஆக 1,935 போனால் கைக்கு வரவேண்டியது 16,065 ரூபாய். இது தவிர, உள்ளாட்சி மன்றம் அரையாண்டுக்கு ஒரு முறை வாங்கும் தொழில் வரி உண்டு. அரையாண்டு வருமானம் 21,000 வரை இருந்தால் அது இல்லை. எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் அந்த வரி போகக்கூடாது என்று அரசியல் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது.

பி.எப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் வரி அல்ல, தோழர்களே. நம் சேமிப்பு, நம் வைத்தியம், நம் பெண்களின் பிரசவ காலச் சம்பளம். தொழிலாளி வர்க்கம் போராடி வாங்கியவை. "பி.எப். வேண்டாம், முழுச் சம்பளமாகக் கையில் தருகிறேன்" என்று மேஸ்திரி ஆசை காட்டினால் யோசித்துப் பாருங்கள். நம்முடைய 1,935-ஐ மட்டுமே கையில் தருவார். தான் போட வேண்டிய 1,800-ஐயும் 585-ஐயும் தன் மடியில் கட்டிக்கொள்வார். மாதம் 2,385 ரூபாய் நமக்கு நஷ்டம்.

இன்னொரு தந்திரம் உண்டு. சம்பளத்தை உடைத்து எழுதுவது. 18,000-ல் அடிப்படை 7,000 மட்டும், மீதி 11,000 வீட்டுப்படி, பயணப்படி என்று எழுதினால் பி.எப். 840 ஆகச் சுருங்கிவிடும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. ஆனால் கையில் உள்ள சட்டத்தில் நமக்கு உதவும் வரி எதுவோ அதைப் பிடித்துக்கொள்ளத் தெரிய வேண்டும். படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், அதிகப்படியையும் சம்பளமாகவே கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த இலக்கணப்படி 9,000-க்குப் பி.எப். 1,080. கைக்கு வருவது 240 குறையும். முதலாளியும் 240 கூடுதலாகப் போட வேண்டும். கை குறைந்ததே என்று பதற வேண்டாம். தன் 240-ஐ வேறு படியில் குறைத்து ஈடுகட்டுகிறாரா என்று மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்.

சீட்டில் வந்த "வரி"

இப்போது நம் ஆளின் சீட்டுக்கு வருவோம். 14,500 ரூபாய் சம்பளம், வரி 145. நூற்றுக்கு ஒன்று. மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார். "அது சர்க்கார் பிடிக்கிறதப்பா, என்னைக் கேட்டால்?" என்று பதில் வந்தது. எங்களுக்கு அந்த நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கைக் கண்டதும் விஷயம் புரிந்தது. ஆலை நிர்வாகம் காண்ட்ராக்டருக்குப் பில் தொகை கொடுக்கும்போது, அவர் தனிநபராக இருந்தால், நூற்றுக்கு ஒன்று வரி பிடித்துக்கொள்ளும். அது காண்ட்ராக்டர் லாபத்தின் மேல் வரும் வரிக்கு முன்கூட்டிய பிடித்தம். அவர் கணக்குக் காட்டி அதைத் திரும்பவும் வாங்கலாம். அந்தச் சுமையை இவர் தொழிலாளியின் தலையில் இறக்கிவிட்டார்!

சங்கத்தார் போய் இரண்டே கேள்வி கேட்டார்கள். "இந்த 145 ரூபாய் எந்தப் பான் எண்ணில் கட்டப்பட்டது? அதற்குச் சான்றிதழ் எங்கே?" இரண்டுக்கும் பதில் இல்லை. அடுத்த மாதச் சீட்டில் அந்த வரியே காணாமற் போயிற்று. ஏற்கெனவே பிடித்த பத்து மாதப் பணம் 1,450 ரூபாயில் பாதி வந்திருக்கிறது. மீதிக்குப் பேச்சு நடக்கிறது. அங்கே வேலை செய்பவர் ஒருவர் மட்டுமல்லவே. 60 பேர் என்றால் மாதம் 8,700 ரூபாய். சின்னக் காசு என்று நாம் விட்டது அவருக்குப் பெரிய காசு.

உண்மையிலேயே நம் பெயரில் வரி கட்டியிருந்தால், அது வருமான வரித் துறையின் கணக்கில் நம் பான் எண்ணுக்கு நேரே நிற்கும். 26ஏ.எஸ். என்று வழங்கிவந்த அறிக்கையில் பார்க்கலாம். நமக்கு வரி பாக்கி இல்லாதபோது, கணக்குத் தாக்கல் செய்தால் அந்தப் பணம் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும். தாக்கல் செய்யாதவருக்கு வராது. பான் அட்டையின் நகலைக் கேட்ட இடத்திலெல்லாம் கொடுக்காதீர்கள். கூலி வேலை செய்பவர் பெயரில் யாரோ கம்பெனி நடத்தி, லட்சக் கணக்கில் வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்த செய்திகளைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். மகளிர் உரிமைத் தொகைக்கும் விவசாயி உதவித் தொகைக்கும் "வருமான வரி கட்டுபவர் குடும்பத்துக்குக் கிடையாது" என்று விதி இருக்கிறது. இல்லாத வருமானத்தை யாராவது நம் பெயரில் எழுதினால், வருகிற ஆயிரம் ரூபாயும் நின்றுபோக இடமுண்டு.

ஆலைக்குப் போன நம் பெண்கள்

நம் மாவட்டத்தில் பஞ்சாலை என்றால் பரமக்குடி பக்கம் கமுதக்குடியைச் சொல்வோம். தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றபோது அதுவும் நின்றது. நம் பெண்கள் திண்டுக்கல், திருப்பூர், கோவைப் பக்கத்து நூற்பாலைகளுக்கு விடுதியில் தங்கி வேலை செய்யப் போகிறார்கள். "சுமங்கலித் திட்டம்" என்று பெயர் சூட்டி, மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று ஆள் சேர்த்ததை நாடறியும்.

அப்படி மூன்று வருஷம் வேலை செய்த பெண் பி.எப். பணத்தை எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பி.எப். சம்பளம் 12,000. அவள் பங்கு 1,440. முதலாளி பங்கில் பி.எப்.புக்கு வருவது சுமார் 440. மாதம் 1,880 வீதம் 36 மாதத்துக்கு 67,680 ரூபாய். வட்டி தனி. ஐந்து வருஷம் முடியுமுன் எடுக்கும் தொகை 50,000-ஐ எட்டினால் வரி பிடிப்பார்கள். பான் கொடுத்திருந்தால் நூற்றுக்கு 10, அதாவது 6,768. பான் இல்லையென்றால் நூற்றுக்கு 20, அதாவது 13,536. ஆண்டு வருமானம் ஒன்றரை லட்சத்தைத் தொடாத பெண்ணிடம் இந்தப் பிடித்தம்!

இதற்கு வழி உண்டு. தனக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லை என்று உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். 15ஜி என்று வழங்கிவந்த படிவம் அது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு, 2026 ஏப்ரல் முதல் அமலாகும்படி 2025-ல் புதுச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். ஆகவே படிவத்தின் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதைவிட நல்ல வழி, பணத்தை எடுக்காமல் அடுத்த ஆலைக் கணக்குக்கு மாற்றிக்கொள்வது. சர்வீஸ் தொடர்ந்து கணக்காகும். ஐந்து வருஷம் நிறைந்தால் வரி கிடையாது. பத்து வருஷம் நிறைந்தால் ஓய்வூதியத்துக்கும் உரிமை வரும்.

வயலிலும் கடலிலும் சீட்டு இல்லை

விவசாயத் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு ஏது? இராமேஸ்வரம் விசைப்படகில் போகிறவருக்கு ஏது? பிடித்த மீனின் விலையில் டீசலும் ஐஸும் சாப்பாட்டுச் செலவும் கழித்தபிறகுதான் பங்கு பிரிப்பார்கள். அந்தக் கழிவு யார் நோட்டில் இருக்கிறது? படகுக்காரர் நோட்டில். நம் நோட்டிலும் இருக்க வேண்டும்.

இவர்கள் ஆண்டு வருமானம் போடும்போது ஒரு மாத வரவைப் பன்னிரண்டால் பெருக்கிவிடக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களுக்கான நிவாரணம் 5,000-லிருந்து 8,000 ஆகும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபம் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். வாலிநோக்கம் உப்பளத்தில் மழை மாதங்களில் வேலை இல்லை. நம் மானாவாரி நெல்லும் கண்மாய்ப் பாசன நெல்லும் பெரும்பாலும் ஒருபோகம். வேலை நாளை எண்ணி, தினக்கூலியால் பெருக்குங்கள். தாலுகா ஆபீசில் வருமானச் சான்றிதழ் கேட்கும்போது அதுதான் சரியான எண்ணிக்கை. கூட எழுதிவிட்டால் பிள்ளையின் படிப்பு உதவி போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "விவசாய வருமானத்துக்கு வரி இல்லை" என்பார்கள். அந்தச் சலுகை நிலத்தின் விளைச்சலுக்கும் குத்தகைக்கும் உரியது. நூறு ஏக்கர் மிராசுதாரர் அதன் நிழலில் நிற்கிறார். நாற்று நட்டவளின் கூலி அந்த இலக்கணத்தில் வராது. அவள் கூலிக்கு வரி இல்லாததற்குக் காரணம் சலுகை அல்ல, கூலியின் சிறுமை.

கடையில் பிடிக்கும் வரி

உப்புக் கதையைப் பாக்கி வைத்தோம். 1860-ல் நம்மிடம் வருமான வரி வாங்காத சர்க்கார் உப்பில் வாங்கியது. 1930-ல் வேதாரண்யத்தில் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளினார்கள். 1947-ல்தான் அந்த வரி ஒழிந்தது. இன்று உப்புக்கு ஜி.எஸ்.டி. இல்லை. மற்றதற்கு? சோப்புக்கும் பற்பசைக்கும் 2017 முதல் நூற்றுக்கு 18 வாங்கினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல்தான் 5 ஆக்கினார்கள். 25 கிலோ வரை பை கட்டி விற்கும் அரிசிக்கு 2022 ஜூலையில் நூற்றுக்கு 5 வரி போட்டார்கள். அதனால்தான் கடையில் 26 கிலோ மூட்டை வந்தது! இந்த வரியில் படிக்கட்டு கிடையாது. 18,000 வாங்குகிறவரும் 18 லட்சம் வாங்குகிறவரும் ஒரு சோப்புக்கு ஒரே வரி.

மேலே இருப்பவர்கள் நிலை என்ன? 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வரியை 30-லிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். 1957-ல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதி மந்திரியாக இருந்தபோது வந்த சொத்து வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். ஆகவே "நீ வரி கட்டாதவன்" என்று யாராவது நம்மைப் பார்த்துச் சொன்னால் தலைகுனிய வேண்டாம். சீட்டில் கட்டவில்லை, கடையில் கட்டுகிறோம்.

நாம் செய்ய வேண்டியது

முதலில், சம்பளச் சீட்டைக் கேளுங்கள். கொடுக்க வேண்டியது முதலாளியின் சட்டக் கடமை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வரவேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அபராதம் நூற்றுக்கு 3-ஐத் தாண்டக் கூடாது.

இரண்டாவது, சீட்டில் உள்ள பி.எப். கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். நம்மிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம். கைபேசியில் பார்க்கத் தெரியாதவருக்கு ஆலையில் படித்த பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சீட்டில் பெயர் தெரியாத பிடித்தம் எதுவானாலும் அன்றே கேளுங்கள். ஒருவர் கேட்டால் மேஸ்திரி முறைப்பார். எல்லோரும் சீட்டை நீட்டினால் பதில் சொல்வார்.

நான்காவது, வயலிலும் கடலிலும் உப்பளத்திலும் உள்ளவர்கள் ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, வேலை, பேசிய கூலி, வாங்கிய கூலி, முன்பணத்தில் கழித்தது என்று ஐந்து கட்டம் போடுங்கள். எழுதத் தெரியாத தாய்க்கு மகள் எழுதட்டும். கூலி உயர்வு பேச உட்காரும்போது அந்த நோட்டைவிடப் பெரிய சாட்சி நமக்கு வேண்டியதில்லை.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் சென்ற மாதச் சீட்டைக் கொண்டு வாருங்கள். சீட்டுக் கொடுக்கவில்லை என்றால் அதையும் வந்து சொல்லுங்கள். அந்தப் பட்டியலிலிருந்தே சங்கத்தின் அடுத்த வேலையைத் தொடங்குவோம்.